புகையில் வெந்த பன்றிக்கறி, பக்கத்தில் காட்டுக்கீரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களிடம் தனி ஸ்மோக்கர் இல்லை. மூடி போட்ட உருண்டை கரி கிரில் ஒன்றுதான் இருக்கிறது. அதில் பன்றிக்கறியை நாள் முழுக்கப் புகையில் வேகவைக்க முடியுமா? எந்தப் பகுதிக் கறி வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாக முடியும். நானும் அதில்தான் செய்கிறேன், ஸ்மோக்கர் வாங்கும் ஆசை இரண்டு முறை வந்து போனதோடு சரி. தோள்பட்டைக் கறி கேட்டு வாங்குங்கள், எலும்போடு கிடைத்தால் இன்னும் நல்லது. முதுகுப் பக்கத்து மெல்லிய கறி வேண்டவே வேண்டாம். அதில் கொழுப்பு குறைவு, தசையைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜனும் குறைவு, எட்டு மணி நேரம் புகையில் வைத்தால் தட்டில் மரப்பலகைதான் வந்து விழும். தோள்பட்டை என்பது விலங்கு நடக்க நடக்க உழைத்த தசை. சும்மா வதக்கினால் ரப்பர் மாதிரி இழுக்கும், மெதுவான சூட்டில் நேரம் கொடுத்தாலோ கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி, விரலால் தொட்டாலே நார் நாராகப் பிரியும்.

முந்தின இரவே கறியின் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உப்பு, அதாவது 2 கிலோவுக்கு 30 முதல் 40 கிராம், கொரகொரப்பான மிளகுத் தூளோடு சேர்த்துத் தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் கரிக்கட்டிகளை கிரில்லின் விளிம்பை ஒட்டி இரண்டிரண்டாக, ஒன்றின் மேல் ஒன்றாக, அரைவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடுக்கி, ஒரு நுனியில் மட்டும் நன்றாகக் கனிந்த எட்டுப் பத்துத் துண்டுகளை வையுங்கள். நெருப்பு பாம்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து மறுமுனைக்குப் போகும், அதற்கே பல மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு தட்டில் தண்ணீர், அதற்கு மேலே கம்பியில் கறி, மூடியின் காற்றுத் துளை கறிக்கு நேராக. கிரில்லுக்குள் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் நிற்க வேண்டும். ஏறினால் கீழ்த் துளையைக் கொஞ்சம் மூடுங்கள், இறங்கினால் திறங்கள். 2 கிலோ துண்டுக்கு ஏறக்குறைய 7 முதல் 9 மணி நேரம் பிடிக்கும். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள், கறிக்குள் குத்தும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குச் செலவு செய்தே ஆகவேண்டிய சாமான் அது ஒன்றுதான்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கரி கிரில்லை உள்ளேயே வைக்கலாமா?

பதில்: கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. திறந்த ஜன்னலை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். திறந்த வெளி கிடைக்கிற நாளில் செய்யுங்கள்.

கேள்வி: மதியம் 68 டிகிரிக்கு வந்த கறி மூன்று மணி நேரமாக அங்கேயே நின்றது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று கிரில்லுக்குள் இன்னும் கரியை அள்ளிக் கொட்டினேன். வெளியே கருகி, உள்ளே இறுகிப் போனது. எங்கே தப்பு?

பதில்: கரியை அள்ளிக் கொட்டியதில்தான். 65 முதல் 75 டிகிரிக்குள் எங்காவது கறி இப்படி அடம்பிடித்து நிற்பது வழக்கம். வியர்வை உலரும்போது நம் உடம்பு குளிர்கிறது அல்லவா, அதேபோல் கறியிலிருந்து நீர் ஆவியாகி, அடுப்பு கொடுக்கும் சூட்டை அப்படியே வாங்கிக்கொள்கிறது. மேற்புறம் காயக் காயத் தானாகவே மறுபடி ஏறும். காத்திருக்க நேரமில்லை என்றால் அந்தக் கட்டத்தில் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றுங்கள், ஆவி வெளியேற வழி இல்லாததால் சூடு நகர ஆரம்பிக்கும். மேற்புறம் கொஞ்சம் ஈரமாகிவிடும், பரவாயில்லை. உள்ளே 93 முதல் 96 வரை போகட்டும். அதைவிட நம்பகமான அடையாளம், தெர்மாமீட்டர் கம்பி வெந்த உருளைக்கிழங்கில் இறங்குவது போல எந்தப் பக்கமும் தடையில்லாமல் இறங்குவது. அப்புறம் சுற்றியபடியே ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், பிறகு பிரித்தெடுங்கள். விருந்தாளிகளை ஏழு மணிக்குக் கூப்பிட்டால், கறி ஐந்துக்கே தயாராகும்படி கணக்குப் போட்டுத் தொடங்குங்கள். சீக்கிரம் முடிந்த கறி துணி சுற்றிய பெட்டிக்குள் சூடாகக் காத்திருக்கும், பசித்த ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: எவ்வளவு விறகு போட வேண்டும்? எங்கள் வீட்டில் புகை மணம் பலமாக இருந்தால்தான் பிடிக்கும்.

பதில்: அந்தப் பலம்தான் என்னை முதல் முறை கவிழ்த்தது. தண்ணீரில் ஊறவைத்த விறகை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருந்தேன், வெள்ளையாகப் புகை மண்டியதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. கறி தார் பூசிய மாதிரி கசந்தது, அடுத்த வீட்டு நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. விறகை ஊறவைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த கட்டை, காற்றோட்டம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பாய்ந்த மெல்லிய புகை, இதுதான் வேண்டும். கைப்பிடி அளவில் நான்கைந்து துண்டுகளைக் கரி வரிசையின் முதல் பாதியில் மட்டும் இடைவெளிவிட்டு வைத்தால் போதும், ஏனென்றால் குளிர்ந்த, ஈரமான கறியில்தான் புகை நன்றாகப் பிடிக்கும். ஆப்பிள், செர்ரி, ஓக் எதுவானாலும் சரி. பைன் மாதிரிப் பிசின் வடியும் மரம், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் இவை அடுப்புப் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: வெட்டினால் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. வேகவில்லையா?

பதில்: வெந்துவிட்டது, பயப்படாதீர்கள். புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு தசையின் நிறமியோடு சேர்ந்து அந்த நிறத்தைப் பிடித்து வைக்கிறது. முழுத் துண்டுப் பன்றிக்கறிக்கு 63 டிகிரியும் 3 நிமிட ஓய்வும் போதும் என்று அமெரிக்க வேளாண் துறை 2011-ல் வரம்பைக் குறைத்தது, நீங்கள் 93 வரை போனவர்.

கேள்வி: வசந்தத்தில் தானாக முளைக்கும் கீரைகளைப் பறித்து இந்தக் கறியோடு பரிமாற ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்: நல்ல ஆசை. இவ்வளவு கொழுப்புக்குப் பக்கத்தில் கசப்போ புளிப்போ இல்லாவிட்டால் நான்காவது வாயில் திகட்டிவிடும். மஞ்சள் பூப் பூக்கும் டான்டலியனில் தொடங்குங்கள், பூ வருவதற்கு முன் இளம் இலை, பச்சையாகவே உண்ணலாம். அடுத்தது நெட்டில். சுணை கையை எரித்துவிடும், உறை போட்டு நுனியை மட்டும் கிள்ளுங்கள், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் சுணை செத்துப் போகும். பூத்த செடியை விட்டுவிடுங்கள்.

காட்டுப்பூண்டுதான் எல்லோருக்கும் ஆசை, எனக்குப் பயம். அதே ஈரநிலத்தில், சில நேரம் அதே புதரில், அதே சாயல் இலையோடு லில்லி ஆஃப் தி வேலி, கால்சிகம் என்ற இரண்டு நச்சுச் செடிகளும் முளைக்கும். முன்னது இதயத் துடிப்பைக் கெடுக்கும், பின்னதில் இருப்பது நம் கண்வலிக்கிழங்கில் இருக்கும் அதே கால்கிசின் என்ற நஞ்சு, உயிரையே எடுத்துவிடும். முகர்ந்து பார்த்தால் தெரியுமே என்பார்கள். நாலு இலை பறித்ததும் உங்கள் கையே பூண்டாக மணக்கும், அப்புறம் எதை முகர்ந்தாலும் பூண்டுதான். காட்டுப்பூண்டில் ஒவ்வோர் இலையும் தனிக் காம்போடு மண்ணிலிருந்து வரும், லில்லியில் ஒரே தண்டில் பொதுவாக இரண்டு இலை. அரிவாளால் கொத்தாக அறுக்காமல் ஒவ்வோர் இலையாகப் பார்த்துக் கிள்ளுங்கள், வீட்டில் ஆயும்போது இன்னொரு முறை பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் கூட வராமல் முதல் முறை இதைத் தொடவே வேண்டாம். கொத்தமல்லி, கேரட் இலை சாயலில் இருக்கும் எந்தக் காட்டுச் செடியும் வேண்டாம், ஹெம்லாக் என்ற கொடிய நச்சுச் செடி அந்தக் குடும்பம்தான். சுருண்ட பெரணித் தளிர் கிடைத்தால், உண்ணத் தகுந்த வகைதானா என்று உறுதி செய்துகொண்டு 15 நிமிடம் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். அரைவேக்காட்டுப் பெரணித் தளிர் தின்று 1994-ல் நியூயார்க்கிலும் மேற்குக் கனடாவிலும் பலர் வாந்தி பேதியில் விழுந்தார்கள். சாலையோரம், மருந்து அடித்த நிலம், நாய்கள் உலவும் பாதை, மூன்றையும் தவிருங்கள்.

கேள்வி: எப்படிப் பரிமாறுவது? கடையில் வாங்கிய இனிப்புச் சாஸ் ஊற்றலாமா?

பதில்: எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அதன் மேல் சர்க்கரைக் குழம்பா? என் ஓட்டு இல்லை. கறியைச் சுற்றிய தாளில் தேங்கிய சாற்றை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பில் ஒரு கரண்டி எடுத்துச் சூடாக்கி, தட்டிய பூண்டு போட்டு, பிழிந்த நெட்டிலை இரண்டு நிமிடம் புரட்டுங்கள். டான்டலியனுக்கு எலுமிச்சை, உப்பு, மிச்சச் சூட்டுக் கொழுப்பு, அவ்வளவுதான். கறியை அடியிலும் கீரையை மேலேயும் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள், ஒவ்வொரு வாய்க்கும் எவ்வளவு கசப்பு வேண்டும் என்பதை உண்பவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி: மீந்தால்?

பதில்: இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், மூன்று நான்கு நாள் தாங்கும். வடித்து வைத்த சாற்றைக் கொஞ்சம் ஊற்றி மூடிச் சூடாக்குங்கள். டான்டலியனை மட்டும் எடுத்து வைக்காதீர்கள், எலுமிச்சை பட்டு ஒரு மணி நேரம் ஆன இலையை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை.