கோர்ம்-3 போட்டால் பளிச், வாயு விட்டால் இருட்டு: புரோப் பழுதா?

ஆய்வு மாணவர் ஒருவரின் கேள்வி: "கார்பன் மோனாக்சைடைக் கண்டால் ஒளிரும் என்று நினைத்து, நைட்ரோ தொகுதி உள்ள ஒளிர் புரோப் (கண்டறியும் சாயம்) ஒன்றைத் தயாரித்தேன். கார்பன் மோனாக்சைடை வெளியிடும் சேர்மமான கோர்ம்-3 சேர்த்தால் செல்கள் பச்சையாக ஒளிர்கின்றன. கார்பன் மோனாக்சைடு வாயுவையே கரைசலில் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. வாயு சிலிண்டரில் கோளாறா?"

சிலிண்டரை விட்டுவிடுங்கள். உங்கள் புரோப் கண்டுபிடிப்பது கார்பன் மோனாக்சைடை இல்லை, கோர்ம்-3ஐ. கோர்ம்-3இன் நடுவில் இருப்பது ருத்தேனியம் கார்பனைல், அதாவது கார்பன் மோனாக்சைடு பிணைந்த ருத்தேனியம். நைட்ரோவை அமினோவாக ஒடுக்குவது அதுதான், செல் நிலைமைகளில் தனி வாயுவால் அது முடியாது. இந்த வகைப் புரோப்கள் பற்றி நிறையக் கட்டுரைகள் வந்த பிறகுதான் இது தெளிவானது, அதனால் ஏமாந்தது நீங்கள் மட்டும் இல்லை. போதாக்குறைக்கு, ஆக்சிஜன் குறைந்த செல்களில் நைட்ரோரிடக்டேஸ் நொதியும் இதே வேலையைச் செய்யும்.

வாயு தீர்ந்துபோன கோர்மைக் கட்டுப்பாடாக வைத்தேனே, அது ஒளிரவில்லையே என்பீர்கள். அதில் கார்பனைல் பெரும்பாலும் போய்விட்டது, ஒடுக்கும் திறனும் கூடவே போய்விடும், ஆகவே அது ஒளிராததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கரைந்த வாயுதான் நியாயமான சோதனை. அறை வெப்பநிலையில் 1 வளிமண்டல அழுத்தத்தில் வாயு நிறைவுற்ற நீரில் ஏறக்குறைய 1 மில்லிமோலார் இருக்கும். 1 மில்லிலிட்டர் கரைசலில் அந்த நீரை 10 மைக்ரோலிட்டர் விட்டால் சுமார் 10 மைக்ரோமோலார். புட்டியில் மேலே காற்றுக்கு இடம் விடாமல் மூடி, அன்றைக்கே பயன்படுத்துங்கள். வாசனையே இல்லாத விஷம் இது, ஃபியூம் ஹுட்டும் வாயு அலாரமும் இல்லாமல் தொடவே கூடாது.

அப்புறம், வேறு புரோப் வேண்டுமென்றால் பல்லேடியம் பக்கம் பாருங்கள். 2012இல் வந்த காப்-1இல் பல்லேடியம் சாயத்தோடு பிணைந்து ஒளியை அணைத்து வைத்திருக்கும். கார்பன் மோனாக்சைடு வந்து சேரும் வினை (கார்பனைலேற்றம்) நடந்தால் பல்லேடியம் கழன்று சாயம் ஒளிரும். அல்லைல் தொகுதியால் ஒளி மூடப்பட்ட சாயத்தோடு பல்லேடியம் குளோரைடைத் தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. செய்வது சுலபம், ஆனால் செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் பல்லேடியத்தைப் பிடித்துக்கொள்ளும், அளவு கூடினால் செல்லுக்கும் கேடு, அதனால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

செல் தானே உண்டாக்கும் வாயுவைக் காட்ட, அதற்கு மூலப்பொருளான ஹீமின் கொடுத்து, அதைச் சிதைத்து வாயுவை உண்டாக்கும் நொதியான ஹீம் ஆக்சிஜனேஸைத் தடுத்தும் பாருங்கள். தடுப்பானாகத் துத்தநாக புரோட்டோபார்ஃபிரினை எடுத்தால் கவனம்: அதுவே சிவப்பாக ஒளிரும், சிவப்புப் புரோப்போடு சேர்த்தால் படம் குழம்பிவிடும்.