தாத்தா ஒப்பந்தக் கூலியா?

வணக்கம் ஐயா,

என் தாத்தா 1936இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவில் (இன்றைய மலேசியா) சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்தவர். பாட்டி இங்கேயே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். போன வாரம் ஒரு கூட்டத்தில் பேசியவர், நாமெல்லாம் ஒப்பந்தக் கூலிகளாக வந்து பல்கிப் பெருகியவர்கள் என்றார். தாத்தாவும் அப்படித்தானா?

கவிதா, சுங்கை சிப்புட்

அன்புள்ள கவிதா,

இல்லை. இத்தனை வருஷம் உழைப்பேன் என்று கட்டுப்பட்டு வரும் ஒப்பந்தமுறைக்கு ஆள் எடுப்பது 1910இலேயே நின்றுவிட்டது. அப்புறம் கங்காணி காலம். கங்காணி என்பவர் தோட்டத்துக் கூலிகளின் மேற்பார்வையாளர்; தோட்டத்திலிருந்து சொந்த ஊருக்குப் போய் உறவு, பங்காளி என்று ஆள் திரட்டி வருவார். கப்பல் செலவு 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதியிலிருந்து. அதற்குப் பணம் கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள். சட்டப்படி ஒரு மாதம் முன்னே சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போகலாம். ஆனால் கங்காணிக்குத் தலைக்காசு உண்டே! தன் ஆள் பிரட்டில் (காலையில் பெயர் எடுக்கும் வரிசையில்) நின்று வேலைக்குப் போனால்தான் அவருக்கு அன்றைய காசு. காய்ச்சல் என்று லயத்தில் படுத்தவனைச் சும்மா விட்டிருப்பாரா?

1936 வாக்கில் கங்காணியும் குறைந்துவிட்டார். தாங்களாகவே இந்தியாவில் இருந்த குடியேற்ற முகாமுக்குப் போய் இலவசப் பயணம் கேட்டு வந்தவர்களே அதிகம். தாத்தா அப்படியும் வந்திருக்கலாம்.

பல்கிப் பெருகினோம் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மக்கள்தொகைக் கணக்குப்படி, சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் 1931இல் இந்தியர் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். 1947இல் சுமார் 6 லட்சம். பதினாறு வருஷத்தில் குறைந்திருக்கிறோம்! ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசே தடுத்தது. சப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் போன நம்மவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 1931இல் இந்தியரில் ஐந்தில் ஒருவர்தான் இங்கே பிறந்தவர். 1947இல் கிட்டத்தட்ட பாதி. அதுவரை வருவதும் போவதுமாக இருந்த கூட்டம், கப்பல் நின்ற பிறகுதான் ஊன்றியது. 1920களிலிருந்து பெண்கள் வரத்து கூடியதும் ஒரு காரணம். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கு வேலை வந்தது அவர்களால்தானே. உங்கள் பாட்டி அந்தப் பாதியில் ஒருவர்.

தாத்தாவின் ஐசி (அடையாள அட்டை) சிவப்பா, நீலமா என்று வீட்டில் கேளுங்கள். நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு. அவரைப் போல் வெளியே பிறந்தவர்கள் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. போடாமல் விட்டவர்களுக்கு 1969இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தது; பலர் பெட்டி கட்டினார்கள்.