டோஸ்ட் சிப்பாய்களும் தோய்க்கும் முட்டையும்: கேட்டதும் சொன்னதும்

மஞ்சள் கரு இளகி நிற்கும்படி அவித்த முட்டை, அதில் தோய்த்துத் தின்ன விரல் விரலாக நறுக்கிய டோஸ்ட். இங்கிலாந்தில் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு இது. டோஸ்ட் துண்டுகளுக்கு 'சோல்ஜர்ஸ்' என்று பெயர். இங்கே ஒரு நர்சரியின் சமையலறையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன.

அக்கா, வீட்டில் முட்டையைப் பார்த்தாலே ஓடும் என் நாலு வயது மகன், நர்சரியில் இதை மட்டும் காலி செய்கிறானாம். அப்படி என்ன இருக்கிறது இதில்? (லெஸ்டர்)

அவனுக்கு வேலை இருக்கிறது, அதுதான். ஸ்பூனால் தட்டி உச்சியைத் திறக்க வேண்டும். டோஸ்டை உள்ளே விட்டால் மஞ்சள் கரு பொங்கி ஓட்டின் மேல் வழியும். அதை நக்கியாக வேண்டும். யாரும் ஊட்டிவிடுவதில்லை. எல்லாம் முடிந்ததும் பெரிய வேடிக்கை: காலி ஓட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் இன்னும் சாப்பிடவே இல்லை" என்று நீட்டுவார்கள். நாம் ஏமாந்தாக வேண்டும், தினமும். அப்புறம் ஓட்டின் அடியில் ஒரு குத்து. துளை போடாவிட்டால் சூனியக்காரிகள் அதைப் படகாக்கிக் கடலுக்குப் போவார்கள் என்பது இங்கே பழைய நம்பிக்கை. நீங்கள் வீட்டில் உரித்து, நறுக்கித் தட்டில் வைத்தால் அவனுக்குச் செய்ய என்ன மிச்சம்?

எத்தனை நிமிடம்? எனக்கு ஒன்று கல்லாகிறது, இல்லையென்றால் வெள்ளையே வேகவில்லை. (ஹாரோ)

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த 'லார்ஜ்' முட்டை, அதாவது 63 முதல் 73 கிராம் எடையுள்ளது என்றால், கொதிக்கும் நீரில் கரண்டியால் மெல்ல இறக்கி 6 நிமிடம். 'மீடியம்' என்றால் ஒரு நிமிடம் குறையுங்கள். பலரும் கோட்டைவிடுவது அதற்குப் பிறகுதான். வெளியே எடுத்தாலும் உள்சூட்டிலேயே முட்டை வெந்துகொண்டிருக்கும். நீங்கள் டோஸ்டுக்கு வெண்ணெய் தடவி முடிப்பதற்குள் கரு இறுகிவிடும். டோஸ்டை முதலில் தயார் செய்யுங்கள். முட்டையை எடுத்த கையோடு உச்சியைச் சீவுங்கள்.

"பாதி வெந்த முட்டையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாயே" என்று மாமியார் திட்டுகிறார். (கிராய்டன்)

அவர் பயந்ததில் தப்பில்லை. 1988 டிசம்பரில் சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி இருப்பதாகச் சொல்லப்போய், முட்டை விற்பனை சரிந்து, இரண்டே வாரத்தில் பதவி விலகினார். பிறகு கோழிகளுக்குத் தடுப்பூசி வந்தது. அப்படித் தடுப்பூசி போட்ட கோழிகளின் முட்டை ஓட்டில் 1998 முதல் சிவப்புச் சிங்க முத்திரை வந்தது. 2017 அக்டோபரில் உணவுத் தர அமைப்பு தன் அறிவுரையை மாற்றியது: சிங்க முத்திரை இருந்தால் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இளகிய முட்டை சாப்பிடலாம். ஆறு மாதம் ஆன குழந்தைக்குக் கொடுக்கலாம், முதல் முறை கொஞ்சமாக. அலர்ஜி இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையை ஓட்டின் மேலேயே காட்டுங்கள், மாமியார் சமாதானமாகலாம்.

நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். இங்கே செய்து கொடுக்கலாமா?

சிங்க முத்திரை பிரிட்டனின் ஏற்பாடு. அது இல்லாத முட்டையைச் சின்னப் பிள்ளைக்கு முழுதாக வேகவைத்தே கொடுங்கள். வெண்ணெய் போட்டு மசித்து டோஸ்டில் அள்ளித் தின்னட்டும். பாதி சுகம்தான், என்ன செய்வது.

சோல்ஜர்ஸ் தொய்ந்து விழுகிறதே?

தடித்த ஸ்லைஸ், நேற்றைய ரொட்டி, இரு பக்கமும் நன்றாகச் சிவக்க வேண்டும். முட்டை வாயை விடக் குறுகலாக வெட்டுங்கள். அகலமாக வெட்டிவிட்டு, உள்ளே போகவில்லை என்று பிள்ளை அழுதால் யார் குற்றம்? மார்மைட் (ஈஸ்டில் செய்யும் கறுப்புப் பசை) தடவுவதென்றால் மெல்லிசாக, அது உப்புக்கரிக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வேண்டாம்.

பேரனுக்கு வந்த வெள்ளி ஸ்பூன் கறுத்துவிட்டது, போலியா?

போலி இல்லை. முட்டையில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அதனால்தான் எலும்பிலும் கொம்பிலும் முட்டை ஸ்பூன் செய்தார்கள். பிளாஸ்டிக் போதும்.

எக் கப் வாங்கியே ஆகவேண்டுமா?

வேண்டாம். காபி டம்ளரில் அரிசியை நிரப்பி அதில் முட்டையைப் பதித்து நிறுத்துங்கள். கரு வழிந்தால் அந்த அரிசி குப்பைக்குத்தான், ஒரு பிடி அரிசியோடு போகட்டும்.