அவர் குரல் ஏன் தகர டப்பா மாதிரி கேட்கிறது?

கேள்வி: எனக்கு 56 வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து 34 வருடமாக மாட்டுங்காவில் இருக்கிறோம். மூத்தவள் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமானது. கடைசி 9 வருடம் காது மெஷின் வைத்தும் பேச்சு புரியவில்லை. வாயசைவைப் பார்த்தே ஓட்டினேன். பிள்ளைகள் சேர்ந்து செலவு செய்து வலது காதில் ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் (சத்தத்தை மின்துடிப்பாக்கி உள்காது நரம்புக்கு அனுப்பும் கருவி) வைத்தார்கள். ஸ்விட்ச் ஆன் செய்து 24 நாள் ஆகிறது. என் வீட்டுக்காரர் பேசினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. பேரன் பேசினால் குருவி கத்துகிற மாதிரி. மிக்ஸி, ஃபேன், பாத்திரம் எல்லாம் மண்டைக்குள் இறங்குகிறது. கோயில் நாதஸ்வரம் கேட்கச் சகிக்கவில்லை. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் இந்தியில் சொல்லும் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதிக்கு மேல் தப்பு. ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது கழற்றி வைத்துவிடுகிறேன். 'இவ்வளவு செலவு பண்ணியும் கேட்கலையா' என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகத்தில் தெரிகிறது. பழைய குரல் திரும்ப வருமா?
ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: முதலில் கழற்றி வைத்ததை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள், அக்கா. மாட்டிக்கொண்டே மீதியைப் படியுங்கள்.

நான் செம்பூரில் இருக்கிறேன். என் இடது காதில் இதே கருவி 6 வருடமாக இருக்கிறது. ஸ்விட்ச் ஆன் செய்த அன்று ஆடியாலஜிஸ்ட் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குக் கேட்டது, எவர்சில்வர் டம்ளரில் சில்லறையைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். அவர் வாய் அசையும்போதெல்லாம் சில்லறை குலுங்கியது, வாய் நின்றால் அதுவும் நின்றது. அதுதான் பேச்சு என்று பிடிபடவே நேரமாயிற்று. அன்று இரவு நான் அழுதது என் அண்ணனுக்கு மட்டும் தெரியும். அதனால் நீங்கள் கழற்றி வைப்பதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு காரியம்தான் உங்களைப் பின்னால் இழுக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். 34 வருடத்துக்கு முன் கேட்ட அதே குரல் அச்சு மாறாமல் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இந்தத் தகரக் குரல் இப்படியே இருக்காது. முதலில் அது ஒரு மனிதக் குரலாகும். அப்புறம் ஆண் குரல், பெண் குரல் பிரியும். பிறகு ஒரு நாள், அடுத்த அறையிலிருந்து யார் கூப்பிட்டது என்று நீங்கள் யோசிக்காமலே திரும்புவீர்கள். எனக்கு என் அண்ணன் குரல் அண்ணன் குரலாக ஆனது நாலாவது மாதத்தில். உங்களுக்கு முன்னேயும் ஆகலாம், பின்னேயும் ஆகலாம். காது கேட்காமல் இருந்த காலம் நீளமாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். பெரிய மாற்றம் பெரும்பாலோருக்கு முதல் 3 முதல் 6 மாதத்தில் வருகிறது. அதற்குப் பிறகும் ஒரு வருடம், அதைத் தாண்டியும் முன்னேறிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

ஏன் தகரம் மாதிரி கேட்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். உள்காது நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கும். சத்தத்தை நரம்புக்கு எடுத்துக் கொடுக்கும் மயிரணுக்கள் அதற்குள் சுமார் 3,500 வரிசையாக நிற்கின்றன. ஓட்டின் வாசல் பக்கம் நிற்பவை கீச்சுச் சத்தத்துக்கு, உள்சுருளின் நுனியில் நிற்பவை கனத்த சத்தத்துக்கு. உங்கள் காதுக்குள் விட்டிருக்கும் மெல்லிய கம்பியில், எந்தக் கம்பெனிக் கருவி என்பதைப் பொறுத்து, 12 முதல் 22 வரை மின்முனைகள் இருக்கும். 3,500 பேர் பார்த்த வேலையை அவ்வளவு பேர்தான் இப்போது பார்க்கிறார்கள். அதோடு, அந்தக் கம்பி பெரும்பாலும் சுருளின் கடைசி நுனி வரை போய்ச் சேராது. அதனால் உங்கள் வீட்டுக்காரரின் கனத்த குரல், கீச்சுச் சத்தத்துக்கென்று இருந்த நரம்பில் போய் இறங்குகிறது. மூளை பழைய கணக்கை வைத்துக்கொண்டு 'இது கீச்சு' என்கிறது. மூளையால் அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும். அதற்குச் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு மணி நேரம் மட்டும் வந்தால், ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருக்கும். காலையில் பல் தேய்த்ததும் மாட்டுங்கள், படுக்கும்போது கழற்றுங்கள். குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தலையில் இருக்கட்டும். சாயங்காலம் தலை வலிக்கும், அது நிஜம். அப்போது கருவியைக் கழற்றாமல் டிவியை அணைத்துவிட்டு, சத்தமில்லாத இடத்தில் கால் மணி நேரம் உட்காருங்கள். (தினம் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தீர்கள் என்பதை, வெளியே மாட்டிக்கொள்ளும் பாகமான ப்ராசஸர் இப்போதெல்லாம் பதிவு செய்துவைக்கிறது. ஆடியாலஜிஸ்ட் அதைப் பார்ப்பார். அவரிடம் நீங்களே முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.)

மிக்ஸியும் ஃபேனும் மண்டைக்குள் இறங்குவதற்குக் காரணம் வேறு. காது நன்றாக இருப்பவர்களுக்கும் ஃபேன் சுற்றும் சத்தம் விழுகிறது. அவர்கள் மூளை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் மூளைக்கு எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று இன்னும் தெரியவில்லை. எல்லாச் சத்தமும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறது. என்னை முதல் மாதம் படுத்தியது பிளாஸ்டிக் பை. அடுத்தது என் புடவை உரசுகிற சத்தம். ஜூன் மாதம் ஒரு மதியம், பக்கத்து வீட்டில் யாரோ ஓயாமல் அப்பளம் பொரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரமா பொரிப்பார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தால், ஜன்னலுக்கு மேலே போட்ட தகர ஷீட்டில் மழை. மும்பை மழையை நான் 11 வருடம் கண்ணால் மட்டும் பார்த்திருந்தேன். அந்த ஜன்னலை விட்டு எனக்கு நகர மனம் வரவில்லை.

இது என்ன சத்தம் என்று பெயர் தெரிந்த நிமிடத்திலிருந்து அது கொஞ்சம் சின்னதாகிவிடும். உங்களுக்குப் பேரன் இருக்கிறான், அது எவ்வளவு பெரிய துணை. 'இது என்னடா சத்தம்?' என்று அவனிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். குக்கர் விசில், லிஃப்ட் கதவு, காக்கா, குழாயில் தண்ணீர் வரும் முன் காற்று வருகிற சத்தம், எல்லாவற்றையும் அவன் காட்டட்டும். பெரியவர்கள் இரண்டு தடவை சொல்லிவிட்டு அலுத்துப்போவார்கள். குழந்தைகள் அலுப்பதில்லை.

இப்போது நான் மிகவும் சொல்ல நினைப்பது. இந்திச் சொல் பட்டியலில் பாதி தப்பானதற்காக மனம் உடையாதீர்கள். எனக்கும் ஆரம்பத்தில் பயிற்சி கொடுத்த இடத்தில் இந்திப் பட்டியல்தான் இருந்தது. மதிப்பெண் குறைந்துகொண்டே போனபோது, கருவியில்தான் கோளாறு என்று நம்பி இரண்டு மாதத்தை வீணாக்கினேன். இரைச்சலுக்குள் அரைகுறையாக ஒரு சொல் விழும்போது, மீதியை நமக்குத் தெரிந்த மொழியிலிருந்துதான் மூளை நிரப்புகிறது. கடைத்தெரு இந்தியை வைத்துக்கொண்டு அது எதை நிரப்பும்? உங்கள் மூளை 'தண்ணி எடுத்துட்டு வா' என்பதை 50 வருடமாக வைத்திருக்கிறது. அந்தக் காதுக்குத் தமிழில் பாடம் நடத்துங்கள். ஆடியாலஜிஸ்டிடமும் சொல்லுங்கள், வீட்டில் தமிழ்ப் பட்டியல் வைத்துப் பழகுகிறேன் என்று. நல்லவர் என்றால் சந்தோஷப்படுவார்.

அதற்குத் தமிழ் நமக்கு ஒரு பெரிய வசதி செய்து கொடுத்திருக்கிறது. நம் கருவி, சத்தம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை நன்றாகவே கொண்டுவந்து சேர்க்கும். தமிழில் குறில், நெடில், இரட்டிக்கிற எழுத்து எல்லாம் நேரக் கணக்குதானே? அதனால் பல், பால். கல், கால். படு, பட்டு. எடு, எட்டு. இவற்றில் ஆரம்பியுங்கள். இரண்டு சொல்லைத் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்காரர் ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும், நீங்கள் விரலால் காட்டுங்கள். இது வந்துவிட்டால் கிழமைகள் ஏழு. அடுத்து மார்க்கெட்டில் அன்றைக்கு வாங்கிய காய்களின் பெயர்கள். சேனை, பீன்ஸ், பூசணிக்காய் என்று நீளம் வித்தியாசப்படுகிறவற்றை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். வெண்டைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய் எல்லாம் ஒரே மாதிரி முடிவதால் பிறகுதான் பிரியும். படம், தடம், கடம் மூன்றும் கடினம், மாதங்கள் ஆகும். ப, த, க மூன்றும் நீளத்தில் வேறுபடுவதில்லை. வாய்க்குள் எந்த இடத்தில் பிறக்கின்றன என்பதில்தான் வேறுபாடு, அதை இந்தச் சில மின்முனைகளால் அவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. மனம், மணம் பிரியவில்லை என்று தயவுசெய்து கவலைப்படாதீர்கள்.

பயிற்சியின்போது அவர் உங்கள் வலது பக்கம், தோளோடு தோள் உட்காரட்டும். எதிரே உட்கார்ந்தால் உங்கள் கண் வாயைப் படித்துவிடும். அத்தனை வருடப் பழக்கம் அது. கையால் வாயை மூடிப் பேசினால் சத்தமும் மழுங்கிவிடும், பக்கத்தில் உட்காருவதுதான் சரி. பட்டியல் முடிந்ததும் செய்தித்தாளை அவர் படிக்க, நீங்கள் வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேளுங்கள். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். மற்ற நேரம் முகம் பார்த்தே பேசுங்கள், அதில் தவறு எதுவும் இல்லை. வீட்டில் யாரும் கத்த வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கத்தினால் சொல் இன்னும் சிதைகிறது. கையெட்டும் தூரத்துக்கு வந்து, சாதாரணமாக, ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசினால் போதும்.

உங்களுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, மத்திய ரயில்வே நடத்துகிறது. கூட்டமில்லாத மதிய நேரத்தில் மாட்டுங்காவிலிருந்து காட்கோபர் வரை ஸ்லோ வண்டியில் போய் வாருங்கள். சயான், குர்லா, வித்யாவிஹார், காட்கோபர். வரிசை உங்களுக்கு மனப்பாடம். அறிவிப்பில் ஒவ்வொரு பெயரும் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று தடவை வரும். பதில் தெரிந்த கேள்வியை மூன்று முறை கேட்பது போல. 'அடுத்த ஸ்டேஷன்' என்பதற்கு மராத்தியில் வரும் 'புடீல் ஸ்டேஷன்' என்பதும் இந்தியில் வரும் 'அக்லா ஸ்டேஷன்' என்பதும் வேறு வேறாகக் கேட்ட அன்று நான் வித்யாவிஹாரில் இறங்காமல் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன். ஆனால் ரோடு கடக்கும்போது காதை நம்பாதீர்கள். ஒரு காதில் மட்டும் கேட்கும்போது ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. இரு பக்கமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும்.

இடது காதில் பழைய மெஷினைத் தொடர்ந்து வைக்கலாமா என்று அடுத்த மேப்பிங்கில், அதாவது ஆடியாலஜிஸ்ட் கருவியின் அளவுகளைச் சரிசெய்யும் நாளில், கேளுங்கள். கொஞ்சமாவது கேட்கும் காதாக இருந்தால், கனத்த சத்தங்களை அது கொடுக்கும், குரலில் கொஞ்சம் உயிர் சேரும். பயிற்சி நேரத்தில் மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள். மேப்பிங்குக்கு ஒரு நோட்டோடு போங்கள். எந்தச் சத்தம், அது எரிச்சலா, வலியா என்று எழுதியிருக்கட்டும். எரிச்சல் பழகப் பழகக் குறையும். வலித்தாலோ, ஏதாவது சத்தம் வரும்போது கண்ணோரமோ கன்னமோ துடித்தாலோ, அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய முடியும். பொதுவாக 'எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள், மெல்லிய பேச்சு அதோடு போய்விடும். பயிற்சி பற்றி இன்னொரு இடத்திலும் விசாரிக்க விரும்பினால், பாந்த்ரா ரெக்லமேஷனில் பேச்சு, செவிக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983 முதல் இருக்கிறது. மழைக்காலத்தில் ப்ராசஸரை ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வையுங்கள். இந்த ஊர் ஈரக்காற்று அதற்கு ஆகாது. எங்கேயாவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உள்ளே காந்தம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லி, கருவியோடு கொடுத்த அட்டையைக் காட்ட வேண்டும்.

நாதஸ்வரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்தக் கருவி தாளத்தை நன்றாகக் கொடுக்கும், ஸ்வரத்தைக் கொடுக்கத் திணறும். கோயிலில் தவிலைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது முதலில் வரும். பிறகு வரிகள் மனப்பாடமாக இருக்கும் ஒரு பழைய பாட்டை, பக்கவாத்தியம் அதிகம் இல்லாமல் ஒருவர் மட்டும் பாடுவதாக எடுத்து, தினம் கேளுங்கள். சங்கீதம் முன்போல் ஆகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அக்கா. எனக்கு இன்னும் ஆகவில்லை. தவில் கேட்கிறது.

பிள்ளைகளிடம் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். கண்ணாடி போட்டால் உடனே எழுத்து தெரிகிறது, அப்படித்தான் இதையும் நினைத்திருப்பார்கள். கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்தவர் மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்து நடப்பதைப் பார்த்திருப்பார்கள் அல்லவா, அதைச் சொன்னால் புரியும். 24 நாளில் பேரன் குரலும் வீட்டுக்காரர் குரலும் ஒன்று குருவியாகவும் ஒன்று தகரமாகவும் உங்களுக்குப் பிரிந்து கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த 24ஆம் நாளில் எல்லாமே சில்லறைதான்.

இன்று ராத்திரி பல், பால் இரண்டையும் தாளில் எழுதி ஆரம்பித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், படம், தடம், கடம் மூன்றில் எது முதலில் பிரிந்தது என்று.