ஃபிளாஸ்க்கில் சூடு நிற்கவில்லையா? வாசகர் கேள்வி – பதில்

என் வீட்டுக்காரர் மணலியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறார். ராத்திரி 10 மணிக்கு அரை லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் இரண்டு டம்ளர் காபி ஊற்றிக் கொடுக்கிறேன். 2 மணிக்குத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறதாம். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடையில் கேட்டால், "பீஸ் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். ஏமாந்துவிட்டோமா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பீஸ் நன்றாக இருக்கிறதா என்பது 10 நிமிடத்தில் தெரிந்துவிடும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை மூடி உட்காரும் இடத்துக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றி, மூடியை இறுக்கி, நிமிர்த்தி வையுங்கள். 10 நிமிடம் கழித்து உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். கழுத்தருகே இரண்டு விரல் அகலத்துக்குச் சூடு தெரியலாம். உள்சுவரும் வெளிச்சுவரும் ஒட்டும் இடம் அது ஒன்றுதான் என்பதால் அது குறையல்ல. வயிற்றுப் பகுதியும் அடிப்பகுதியும் பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் சொம்பைப் போலக் குளுமையாக இருந்தால், இரண்டு சுவருக்கும் நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம் பத்திரமாக இருக்கிறது. வெளியே முழுக்கச் சுட்டால் வெற்றிடம் போய்விட்டது. பில்லோடு போய்ச் சண்டை போடலாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் குற்றம் ஃபிளாஸ்க்கில் இல்லை, காபியில் இருக்கிறது. கணக்குப் பாருங்கள். 95 டிகிரியில் பால் 4 பங்கு, மேடையில் ஆறிக் கிடந்த 30 டிகிரி டிகாக்‌ஷன் 1 பங்கு. கலந்த உடனேயே 82 டிகிரிதான். சர்க்கரை கரைய நுரை தள்ள இரண்டு ஆத்து ஆத்தினால் இன்னும் 10 டிகிரி போகும். குளிர்ந்த ஃபிளாஸ்க்கின் உள்சுவர் தன் பங்குக்கு 2 டிகிரி எடுத்துக்கொள்ளும். ஆக, மூடி போடும்போதே 70 டிகிரிதான். அதுவும் பாதி ஃபிளாஸ்க். சூடு வெளியேறும் வழி அரை ஃபிளாஸ்க்குக்கும் முழு ஃபிளாஸ்க்குக்கும் ஏறக்குறைய ஒன்றே. உள்ளே பாதி காபிதான் இருந்தால் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஆறும். வெளியே 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 4 மணி நேரத்தில் 53 டிகிரி வாக்கில் வந்து நிற்கும். காபிக்கு அது வெதுவெதுப்புதான். இதே ஃபிளாஸ்க்கில் 88 டிகிரியில் முழுக்க ஊற்றியிருந்தால் 2 மணிக்கு 73 டிகிரி இருந்திருக்கும்.

அதனால் டிகாக்‌ஷன் டம்ளரைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் 5 நிமிடம் நிறுத்தி வையுங்கள். நேராக அடுப்பில் வைத்தால் மணம் போய்க் கசப்பு ஏறும். சர்க்கரையைப் பால் அடுப்பில் இருக்கும்போதே போட்டுக் கரைத்துவிடுங்கள். ஆத்தவே வேண்டாம், குடிக்கும்போது அவர் ஆத்திக்கொள்ளட்டும். அதுவரை ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி மூடி வைத்திருந்து, காபி தயாரானதும் கொட்டிவிட்டு உடனே ஊற்றுங்கள். கொதிநீரில் சூடாக்கினால் மாயம் நடக்கும் என்று பலர் சொல்வார்கள். மெல்லிய ஸ்டீலில் கிடைப்பது அந்த 2, 3 டிகிரிதான். அதுவும் லாபம்தான், ஆனால் ஆத்தாமல் விடுவதால் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. இரண்டு டம்ளருக்கு மேல் தேவையில்லை என்றால் 300 மில்லி ஃபிளாஸ்க் ஒன்று வாங்கி நிறைய ஊற்றிக் கொடுங்கள்.

போட்டில் கொண்டுபோகிற ஸ்டீல் ஃபிளாஸ்க் கைதவறிக் கீழே விழுந்து அடியில் நசுங்கிவிட்டது. இப்போது டீ ஊற்றினால் வெளியே பிடிக்க முடியாமல் சுடுகிறது. காசிமேட்டுப் பட்டறையில் "வெல்டிங் வைத்துத் தருகிறேன்" என்கிறார்கள். வைக்கலாமா?
— மீனவர் ஒருவர், காசிமேடு

வேண்டாம், ஆபத்து. உள்சுவர் வெளிச்சுவரோடு வாய்ப்பக்கம் மட்டும்தான் சேர்ந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் அந்தரத்தில் தொங்குகிறது. கீழே விழும்போது அதன் எடை முழுவதும் அந்தக் கழுத்து மூட்டை ஆட்டும். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தாலே போதும், நடுவில் காற்று நிறைந்துவிடும். அடியில் காற்றை உறிஞ்சி மூடிய துளை இருக்கும் இடம் நசுங்கினாலும் இதே கதிதான். பட்டறையில் ஓட்டையை அடைக்கலாம். உள்ளே புகுந்த காற்றை எடுக்க அவர்களிடம் வழியில்லை. அதைவிட முக்கியம், கீறல் வழியாகச் சுவர்களுக்கு நடுவே தண்ணீர் இறங்கியிருக்கலாம். காதருகே வைத்து ஆட்டினால் சலசலக்கும். அந்த நிலையில் வெல்டிங் நெருப்போ அடுப்போ பட்டால் உள்ளே நீராவி அடைபட்டு வெடிக்கும்.

ஆனால் தூக்கிப் போடும் முன் ஒன்றைப் பாருங்கள். முழுக்கச் சுடுகிறதா, நசுங்கிய அந்த ஒரு இடம் மட்டும் சுடுகிறதா? ஒரே இடம் என்றால் அங்கே இரண்டு சுவரும் முட்டிக்கொண்டிருக்கின்றன. வெற்றிடம் இன்னும் இருக்கிறது. சூடு முன்பைவிடச் சீக்கிரம் குறையும், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஓட்டலாம். முழுக்கச் சுட்டால் அது இனி வெறும் தண்ணீர் பாட்டில்.

அடுத்தது வாங்கும்போது வாய் குறுகலான, அடியில் ரப்பர் உறை போட்டதாகப் பாருங்கள். கரைக்கு வந்ததும் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்து கிடந்தால் 304 ரக எவர்சில்வரிலும் குண்டூசி முனையளவு துரு விழும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவது அதைவிட மோசம்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் மகளுக்குப் பிரசவம். காலை 6 மணிக்கு வீட்டிலிருந்து வெந்நீர், பால், அரிசிக் கஞ்சி மூன்றையும் ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போகிறேன். சாயங்காலம் 4 மணி வரை வைத்துக் கொடுக்கலாமா? குழந்தைக்கு டாக்டர் பவுடர் பாலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

வெந்நீர் கொடுக்கலாம். பாலும் கஞ்சியும் கூடாது.

கொதிக்கக் கொதிக்க நிறைய ஊற்றிய நல்ல 1 லிட்டர் ஃபிளாஸ்க்கில் 10 மணி நேரம் கழித்தும் தண்ணீர் 65 டிகிரி வாக்கில் இருக்கும், அடிக்கடி திறந்து வைக்காமல் இருந்தால். சூடு போவது பெரும்பாலும் ஆவியில்தான். 10 கிராம் தண்ணீர் ஆவியாகப் பறந்தால் 1 லிட்டரில் 5 டிகிரிக்கு மேல் இறங்கும். ஊற்றியதும் மூடியை வைத்துத் திருகிவிட்டு அப்புறம் டம்ளரைக் கொடுங்கள்.

பால், கஞ்சி விஷயம் வேறு. 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகத் தொடங்கும். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருக்கும் ஃபிளாஸ்க் அவற்றுக்கு வசதியான இடம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. அவை முளைத்துக் கக்கும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. வாந்தியில் கொண்டுபோய் விடும். கஞ்சிக்கு எடுக்கும் அகல வாய் ஃபிளாஸ்க் மற்றவற்றைவிடச் சீக்கிரம் ஆறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஞ்சியும் பாலும் எடுத்துப் போனால் 2, 3 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கிற அளவு மட்டும் எடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். உப்பைக் குடிக்கும்போது போட்டால் போதும், ஸ்டீலுக்கும் நல்லது.

பவுடர் பாலைக் கலந்து ஃபிளாஸ்க்கில் வைக்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். கலக்கும் தண்ணீர் குறைந்தது 70 டிகிரி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால் இந்தச் சூடு. கலந்தபின் மூடிய பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இதற்கான தண்ணீரைத் தனி ஃபிளாஸ்க்கில், 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக நிரப்புங்கள். காலை ஊற்றியது மதியம் 70-ல் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அப்பா வைத்திருந்த 1 லிட்டர் கண்ணாடி ஃபிளாஸ்க். உள்ளே கண்ணாடி உடைந்துவிட்டது. ரீஃபில் போடுவது நல்லதா, ஸ்டீல் வாங்கிவிடலாமா?
— வாசகர், பெரம்பூர்

வெளிக்கூடு நன்றாக இருந்தால் ரீஃபில்தான் எங்கள் கட்சி. சூடு கடத்துவதில் ஸ்டீல் கண்ணாடியைவிட ஏறக்குறைய 15 மடங்கு வேகம். கழுத்து வழியாகத் தப்பும் சூடு கண்ணாடியில் குறைவு, பாலின் வாடையும் ஒட்டாது. 1892-ல் ஜேம்ஸ் டூவர் திரவ வாயுக்களைக் குளிர் மாறாமல் வைக்கச் செய்த முதல் குடுவையும் கண்ணாடிதான். ஸ்டீலின் ஒரே பெரிய பலம் உடையாதது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதுவே போதுமான காரணம்.

பாரிமுனைப் பக்கம் பாத்திரக் கடைகளில் ரீஃபில் கேட்கும்போது "1 லிட்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரே கொள்ளளவில் உயரமும் வாயும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட்டையும் மூடியையும் கையோடு கொண்டுபோங்கள். புது ரீஃபிலின் அடியில் கூம்பாக ஒரு கண்ணாடி வால் இருக்கும். காற்றை இழுத்துவிட்டு உருக்கி மூடிய இடம் அது. அதன் நுனி முழுசாக இருக்க வேண்டும். இரண்டு சுவருக்கும் நடுவில் தெரியும் சின்னப் பொட்டுகள் சுவர்கள் முட்டாமல் இருக்க வைத்தவை. விரிசல் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

மாற்றுவது எளிது. கையில் கனத்த துணி சுற்றிக்கொண்டு அடிமூடியைத் திருகிக் கழற்றுங்கள். உடைசலைக் காகிதத்தில் கொட்டி, கூட்டை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கழுத்து வாஷரைப் புதிதாகப் போட்டு ரீஃபிலை இறக்குங்கள். பழைய வாஷர் இறுகியிருந்தால் ஊற்றும்போது டீ கசிந்து கூட்டுக்குள் இறங்கும். நாற்றம் அங்கிருந்துதான் வரும். வால் உட்காரும் ரப்பர் குஷனை மறக்காதீர்கள். அது இல்லாமல் அடிமூடியை முறுக்கினால் வால் நுனி பொடுக்கென்று போய்விடும். ரீஃபில் ஆடாத அளவுக்குத் திருகினால் போதும், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

புதுக் கண்ணாடியில் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு கொதிநீர். ஐஸ் தண்ணீர் வைத்திருந்ததில் உடனே கொதிக்கும் டீ ஊற்றுவதும், உள்ளே கரண்டி விட்டுச் சர்க்கரை கலக்குவதும்தான் முக்கால்வாசி ரீஃபில்களை உடைக்கின்றன. கழுவும்போது முழு ஃபிளாஸ்க்கையும் தொட்டித் தண்ணீரில் முக்கக் கூடாது.

சைக்கிளில் 10 லிட்டர் டீ கேன் வைத்து, விடியற்காலை மீன் ஏலம் நடக்கும் இடத்தில் விற்கிறேன். கடைசி 20 கப் ஆறிப்போகிறது. வாங்குகிறவர்கள் திட்டுகிறார்கள்.
— டீ வியாபாரி, புது வண்ணாரப்பேட்டை

குழாய் வைத்த இந்த கேன்களில் பெரும்பாலும் வெற்றிடம் கிடையாது. இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் இருக்கும். அதன் சூடு தாங்கும் நேரம் இயல்பாகவே குறைவு. கேன் காலியாகக் காலியாக மிச்ச டீ வேகமாக ஆறும். ஒரு 10 லிட்டருக்குப் பதில் இரண்டு 5 லிட்டர் கேனாக வையுங்கள். முதல் கேன் தீரும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள். புறப்படும் முன் கேனில் ஒரு லிட்டர் கொதிநீர் விட்டு, குலுக்கி, கொஞ்சத்தைக் குழாய் வழியாகவும் விட்டு எடுங்கள். குழாய்க்குள் தங்கும் டீ எப்போதும் ஆறியிருக்கும். கொஞ்ச நேரம் விற்பனை இல்லாமல் இருந்தால் முதல் அரைக் கப்பைப் பிடித்துக் கேனிலேயே திருப்பி ஊற்றிவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். எவ்வளவு இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

காலிக் கேன் முன்பைவிடக் கனக்கிறதா, அடியில் ஈரம் கசிகிறதா? ஃபோமுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஈர ஃபோம் சூட்டைத் தடுக்காது. அந்தக் கேனை மாற்றத்தான் வேண்டும்.

இஞ்சி டீ ஃபிளாஸ்க்கில் திரிந்துவிடுகிறது.
— வாசகி, வியாசர்பாடி

இஞ்சியை முதலில் தண்ணீரில் 4, 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு அப்புறம் பால் சேருங்கள். பச்சை இஞ்சிச் சாறு பாலின் புரதத்தைத் திரிக்கும். கொதித்துவிட்டால் அந்தச் சக்தி போய்விடும். வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். அப்படியும் திரிந்தால் மூடியின் வாஷரைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் மஞ்சளாகப் பழைய பால் படிந்திருந்தால் புளிப்பு அங்கிருந்து வருகிறது. ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து ஃபிளாஸ்க்கிலும், மூடியையும் வாஷரையும் தனிக் கிண்ணத்திலும் 1 மணி நேரம் ஊறவிடுங்கள். சோடாத் தண்ணீர் இருக்கும்போது மூடியைத் திருகி வைக்க வேண்டாம். உள்ளே வெள்ளையாகச் சொரசொரப்பு இருந்தால் அது போர்த் தண்ணீரின் உப்பு. அதற்குச் சோடா உதவாது, ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு போட்ட வெந்நீர்தான் கரைக்கும். வாஷரைத் திருப்பி மாட்டும்போது மடல் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்கிறார்களே, நம்பலாமா?
— வாசகர், திருவொற்றியூர்

நம்ப வேண்டாம். நிக்கல் குறைந்த மலிவான 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304 தகட்டிலும் வளைத்து அழுத்திய இடத்தில் லேசாக ஒட்டும். ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். ஸ்டீல் வெற்றிட ஃபிளாஸ்க்குக்கு முத்திரையின் மேலே ஐஎஸ் 17526 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். "24 மணி நேரம் சூடு" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு எத்தனை டிகிரி என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா பாருங்கள். டிகிரியே போடாத பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.