இருக்கிற வயிறு போதும்

அன்புள்ள அக்காவுக்கு,

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வயது 37. இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். இளையவளுக்கு நாலு வயது ஆகிறது. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார்.

திருவனந்தபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது, தெருமுனை மாடியில் பெல்லி டான்ஸ் வகுப்பு நடப்பதைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. சின்ன வயதில் ஐந்து வருடம் பரதம் படித்தவள் நான். வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

வயிறு தொங்குகிறது. கொஞ்சம் குறைத்துவிட்டுச் சேரலாமா? பழைய பரதம் உதவுமா, இடைஞ்சலா? மாமியாரிடம் தையல் கிளாஸ் என்று சொல்லிவிடு என்கிறாள் தங்கச்சி. எனக்கு அது சரியாகப் படவில்லை. நீங்கள் இந்த நடனம் கற்றுக்கொண்டதை முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

க., மார்த்தாண்டம்


அன்புள்ள க.,

வயிறு குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வருகிற சனிக்கிழமையே போங்கள்.

இந்த நடனத்துக்கு ‘வயிற்று ஆட்டம்’ என்ற பெயர் அதன் சொந்த ஊரில் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் பார்த்துவிட்டு வைத்த பெயர் அது. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் கெய்ரோ தெரு ஒன்றை அப்படியே அமைத்து ஆடவைத்தபோது, அந்தப் பெயர் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. அரபியில் மேடை ஆட்டத்தை ‘ரக்ஸ் ஷர்க்கி’ என்பார்கள், கிழக்கு நாட்டு நடனம் என்று அர்த்தம். வீட்டிலும் தெருவிலும் ஆடுவது ‘ரக்ஸ் பலதி’. பலதி என்றால் நம்ம ஊர், நம்ம மண் என்று சொல்கிற மாதிரி. வயிற்றைக் காட்டுகிற ஆட்டம் என்று பெயரே பயமுறுத்துவதால்தான் ‘முதலில் வயிற்றைச் சரிசெய்வோம்’ என்று தோன்றுகிறது. மணிகள் தொங்கும் அந்த இரண்டு துண்டு உடைகூட கெய்ரோவின் இரவு மேடைகளில் 1920களிலும் 30களிலும் பரவியதுதான். பதியா மஸாப்னி என்ற பெண்மணி 1926இல் அங்கே திறந்த அரங்கில் இருந்துதான் தஹியா கரியோக்கா, ஸமியா கமால் போன்ற பெரிய ஆட்டக்காரிகள் வந்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே எகிப்தில் பெண்கள் உடம்பு முழுக்க மூடிய அங்கி போட்டு, இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கல்யாண வீடுகளில் ஆடியிருக்கிறார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு உடம்பின் பக்கமிருந்தும் ஒரு பதில் இருக்கிறது. தொடக்கத்தில் கற்றுத்தருகிற அசைவுகள் வயிற்றில் இருந்து வருவதில்லை. முழங்காலில் இருந்து வருகின்றன.

இது எனக்கு வலியோடு தெரிந்த விஷயம். திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த நாட்களில், என் 43ஆவது வயதில் வகுப்பில் சேர்ந்தேன். சேர்வதற்கு முன்னால் வீட்டில் வீடியோ பார்த்து ஒரு மாதம் நானாகவே பழகினேன். காலை விறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டேன். கீழ்முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் குனிய முடியவில்லை. முதல் வகுப்பில் டீச்சர் என்னைக் கண்ணாடியைப் பார்க்கவிடாமல் சுவரோரம் நிறுத்தினார். இரண்டு பாதமும் இடுப்பகலத்தில், நேராக முன்னே பார்த்தபடி. முழங்கால் இறுகாமல், லேசாக மடங்கி. வால் எலும்பு கீழ்நோக்கி. நெஞ்சு கொஞ்சம் உயர, தோள் தளர்ந்து. ‘இப்போ வலது முழங்காலை மெல்ல நீட்டு’ என்றார். நீட்டினேன். வலது இடுப்பு தானாக மேலே போனது! நான் அதைத் தொடவே இல்லை. மடக்கினேன், இறங்கியது. இடது, வலது, இடது. அரை மணி நேரம் இது மட்டும்தான். அதையே வேகமாகச் செய்தால் ஷிம்மி. தொடைதான் எரியுமே தவிர முதுகு வலிக்காது. முதுகு வலித்தால் முட்டு இறுகிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம்ம கடற்கரைப் பக்கம் மீன்கூடையான கடவத்தைத் தலையில் வைத்து நடந்து வரும் மீன்கார அம்மாக்களை நீங்கள் தினமும் பார்க்கிறவர்தான். அடுத்த முறை கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கடவம் ஆடாது, கழுத்து ஆடாது. நடையின் குலுக்கல் எல்லாம் முட்டிலும் இடுப்பிலும் அடங்கிவிடும். எகிப்தில் கல்யாண ஊர்வலத்தில் மெழுகுவர்த்திகள் எரியும் ‘ஷமதான்’ விளக்கைத் தலையில் வைத்து ஆடும் வழக்கம் உண்டு. அங்கேயும் சங்கதி அதேதான். நம்ம கரகாட்டத்திலும் அதேதான். மேலே இருப்பது அசையாமல் இருக்க வேண்டும் என்றால் கீழே இருப்பது நெகிழ வேண்டும். டீச்சர் ‘ஐசொலேஷன்’ என்று சொல்வது இதைத்தான், ஒன்று அசையும்போது மற்றது சும்மா இருப்பது. இந்த அம்மாக்களில் ஒல்லியான வயிறு எத்தனை பேருக்கு இருக்கிறது?

அப்புறம், சிசேரியன். நாலு வருடம் ஆகிவிட்டது, நல்லது. ஆனாலும் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வயிற்றின் நடுவில் இரண்டு பக்கத் தசையும் விலகியே நின்றுவிடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கும்போது தொப்புளுக்கு மேலோ கீழோ நடுக்கோட்டில் கூம்பு மாதிரி புடைத்துக்கொண்டால், அல்லது விரல்கள் இறங்குகிற இடைவெளி தெரிந்தால், ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுப் போங்கள். அப்படி இருந்தாலும் நடனத்துக்குத் தடை என்று அர்த்தமில்லை. வயிற்றை அலைபோல் உருட்டும் அசைவுகளை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிவைக்கச் சொல்வார்கள். டீச்சரிடம் இரண்டு ஆபரேஷன் ஆனதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தும்மும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிகிற பிரச்சினை இருந்தால் அதையும் பிசியோவிடம் சொல்லுங்கள். நம்ம பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. சரியாக்கக்கூடிய விஷயம் அது.

பரதம் உதவும். தாளம் உங்களிடம் இருக்கிறது, அது பெரிய சொத்து. இங்கே முதலில் கேட்கும் தாளம் பெரும்பாலும் மக்ஸூம். நாலு எண்ணிக்கைதான், எட்டாகப் பிரித்தால் 1, 2, 4, 5, 7இல் அடி விழும். தும், தக், விட்டு, தக், தும், விட்டு, தக், விட்டு. ‘தும்’ மேளத்தோலின் நடுவில், ‘தக்’ ஓரத்தில். ரயிலில் வரும்போது மடியில் தட்டிப் பாருங்கள், பாறசாலை தாண்டுவதற்குள் பிடிபட்டுவிடும். கணக்கு டீச்சருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடைஞ்சல் பண்ணப்போவது அரைமண்டி, பரதத்தில் முழங்காலை மடக்கி நிற்கிற அந்த நிலை. பாதம் இரண்டும் தானாக வெளியே திரும்பும். உடம்பு ஒரே பலகையாக நிற்கும். ஐந்து வருடம் ‘இடுப்பை ஆட்டாதே’ என்று கேட்டு வளர்ந்த உடம்பு அது. என்னோடு படித்த ஒரு பெண் பரதத்தில் அரங்கேற்றம் முடித்தவள். அவளுக்கு இடுப்பால் எட்டுப் போடுவது வர மூன்று மாதம் ஆனது. வந்த அன்று அழுதாள். காரணம் கேட்டபோது, ‘இது எனக்குள்ளே இருந்திருக்கு அக்கா’ என்றாள். அவளுடைய அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். டீச்சர் மாணவிகளின் முழங்காலையும் பாதத்தையும் பார்த்துத் திருத்துகிறாரா, இல்லை முன்னால் நின்று தான் மட்டும் ஆடுகிறாரா என்று கவனியுங்கள். எகிப்து பாணியா, துருக்கிப் பாணியா, கலவையா என்று கேட்டால் அவருக்குப் பதில் இருக்க வேண்டும். நம்ம ஊர்களில் இந்திப் பாட்டுக்கு ஆடவைப்பது வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் முதல் மாதமே ஒரு பாட்டை முழுதாகப் பழக்கி ரீல் எடுக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம். வீடியோ எடுப்பார்களா, எங்கே போடுவார்கள் என்று சேரும்போதே கேட்டு, என் முகம் வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். பள்ளியில் வேலை பார்க்கிற உங்களுக்கு அந்த உரிமை உண்டு. நல்ல டீச்சர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

இனி மாமியார். தையல் கிளாஸ் என்று சொல்லாதீர்கள். குழித்துறையில் ரயில் ஏறி திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்குவதற்குள் உங்களைத் தெரிந்தவர் நாலு பேர் பார்ப்பார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், ஒளித்துச் செய்கிறபோது தோள் முன்னால் வளைந்து நெஞ்சு உள்ளே போய்விடும். இந்த ஆட்டத்தில் நெஞ்சு நிமிராமல் இடுப்புக்கு இடம் கிடைக்காது. நான் முதல் இரண்டு மாதம் யோகா என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்ன பிறகுதான் எனக்கு ஆட்டம் வந்தது.

அரபு நாட்டில் கல்யாண வீட்டில் பெண்கள் ஆடுகிற ஆட்டம் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. முதலில் கணவரிடம் பேசிவிடுங்கள். மஸ்கட்டில் இருப்பவர் எகிப்துப் பாடகி உம் குல்தூமின் குரலை எங்காவது ஒரு டீக்கடையிலோ டாக்சியிலோ கேட்காமல் இருந்திருக்கமாட்டார். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

மாமியார் ‘மானக்கேடு’ என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அந்தச் சொல் அவர் கண்டுபிடித்ததில்லை. எகிப்தில் 1834இல், அப்போது அங்கே ஆண்ட முகமது அலி பாஷா ஆட்டக்காரிகளைக் கெய்ரோவில் ஆடக்கூடாது என்று தடுத்துத் தெற்கே எஸ்னா பக்கம் அனுப்பிவைத்தார். நம்ம பக்கம் சதிர் ஆடிய பெண்களின் கதை உங்களுக்கே தெரியும். சுசீந்திரம் கோயிலிலும் தேவதாசிகள் இருந்தார்கள். அவர்கள் ஆடியது மானக்கேடு என்றானது. அதே ஆட்டத்தை 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடி, பரதநாட்டியம் என்ற பெயரும் நிலைத்த பிறகு, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற கலையானது. உங்களை ஐந்து வருடம் அனுப்பிய அதே வீடு, வயதுக்கு வந்ததும் நிறுத்தியது. பெண்ணின் இடுப்பைப் பார்த்து நம்ம வீடுகளுக்கு வருகிற பயம் ரொம்பப் பழையது. அதை ஒரு சனிக்கிழமையில் உங்களால் தீர்க்க முடியாது. மாமியாரை ஒரு நாள் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த மாடியில் கண்ணை மூடி ஆடுகிற அம்மாவைக் காட்டுங்கள். என் மாமியார் ஒரு தடவை வந்து, கடைசி வரிசை நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ‘கொள்ளாம்’, நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் சனிக்கிழமை ராத்திரிச் சோறு அவர் பொறுப்பு.

முதல் நாளுக்குத் தளர்ந்த பேன்ட், உடம்போடு நிற்கிற டீஷர்ட் போதும். வயிறு தெரிய வேண்டிய கட்டாயம் எங்கேயும் இல்லை. காசு கோத்த இடுப்புத் துணி வாங்க அவசரம் வேண்டாம். கிலுகிலு சத்தம் கேட்கும்போது எல்லாம் சரியாக வருகிற மாதிரி ஒரு மயக்கம் வரும். வீட்டில் கசவுக்கரை போட்ட பாலராமபுரம் நேரியது, அந்த மேல்துணி, இருந்தால் எடுத்துப் போங்கள். நாலாக மடித்து இடுப்பு எலும்புக்குக் கீழே, இடது பக்கம் முடிச்சு வருகிற மாதிரி கட்டினால், கரைப்பட்டை நேர்கோடாக நிற்கும். இடுப்பு எந்தப் பக்கம் உயர்கிறது என்பதை அந்தக் கசவுக்கோடு கண்ணாடியில் அப்படியே காட்டும். செருப்பு வேண்டாம், வெறுங்கால்தான். ஒரு குப்பி தண்ணீர், ஒரு தோர்த்துத் துண்டு.

முதல் மூன்று வகுப்பு முடிந்ததும் எழுதுங்கள். முட்டு எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா