ஏழு மாட்டுக்கு எந்தக் காளை?

ஏழு காங்கேயம் உருப்படி, அதில் இரண்டு கிடேரி, வீட்டில் பிறந்த காளையையே சேர்க்கலாமா இல்லை சந்தையில் பார்த்த பெரிய காளையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக் காளை வேண்டாம் அண்ணா, தாயோடும் கூடப்பிறந்ததோடும் சேர்ந்தால் கன்று சோனியாகும், போகப்போக சினைப்பிடிப்பும் குறையும்.

சந்தைக் காளையின் கொம்பையும் திமிலையும் பார்த்து மயங்காமல் முதலில் பின்னால் நின்று விதைப்பையைப் பாருங்கள், இரண்டு விதையும் ஒரே அளவாக நன்றாக இறங்கியிருக்க வேண்டும், அப்புறம் கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பின்னங்கால்களைக் கவனியுங்கள், பசு மேல் ஏறும்போது பாரம் முழுக்க அங்கேதான் விழும். கழுத்தும் திமிலும் கறுத்திருப்பது குறையில்லை, காயடிக்காத காங்கேயம் காளைக்கு அப்படித்தான். ஆனால் காளையின் தாயையும் அந்தக் காளைக்குப் பிறந்த கன்றுகளையும் சந்தையில் பார்க்க முடியாதே! அதனால் நான் கொறங்காட்டுக்காரரிடம், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில் மாடு வளர்ப்பவரிடம், நேரில் போய் வாங்குவேன்.

கன்று வீச்சு நோய்க்கு, அதுதான் சினை கலைந்து கன்று விழும் புருசெல்லோசிஸ், ரத்தப் பரிசோதனை செய்யாமல் காளையைத் தொழுவத்தில் விடாதீர்கள். நான் ஒருமுறை சோம்பலில் விட்டு இரண்டு பசு கன்று வீசிவிட்டது.

கிடேரிகளுக்கு அந்தப் பெரிய காளை வேண்டாம், தலைச்சன் ஈற்றில் கன்று பெருத்தால் சிக்கல். காங்கேயம் சினை ஊசியே போதும். காளைக்குப் பிறக்கும் கிடேரிகள் பருவத்துக்கு வருவதற்குள் அதை மாற்றிவிடுங்கள். சேர்த்த தேதியை எழுதி வையுங்கள், சுமார் 21 நாளில் பசுக்கள் ஒவ்வொன்றாக மறுபடி பருவத்துக்கு வந்து கத்தினால் காளையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.